மார்கழியில் ஒட்டிய வினைல் டைல்ஸ் மாசியில் ஏன் பெயர்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் கையோடு தரையையும் மாற்றிவிடலாம் என்று நினைக்கிற குடும்பங்கள் இப்போது அதிகம். பழைய மொசைக்கை உடைக்க வேண்டாம், மணல் சிமெண்ட் இறக்க வேண்டாம், இரண்டு நாளில் அறையே மாறிவிடும் என்பதால், பழைய தரை மேலேயே பசை போட்டு ஒட்டும் வினைல் (பிளாஸ்டிக்) டைல்ஸ் பக்கம் போகிறார்கள். அதில் தவறே இல்லை, நல்ல பொருள்தான். ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் பெய்த மழையைக் குடித்துவிட்டுக் கிடக்கிற தரையில், மார்கழிக் குளிரில், பண்டிகை அவசரத்தில் ஒட்டுகிறோம். வருடத்தில் தரை அதிக ஈரமாக இருக்கும் மாதத்தையே இந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கிறோம். மாசி பிறப்பதற்குள் ஓரம் எழும்புகிறது. வெறுங்காலோடு நடந்தால் அடியில் சப்சப் என்று ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்கிறது. கடைக்காரர் பசையைக் குறை சொல்கிறார், ஒட்டியவர் டைல்ஸைக் குறை சொல்கிறார், வீட்டுக்காரர் இரண்டு பேரையும் திட்டிவிட்டு மறுபடி பணம் செலவழிக்கிறார். அடியில் இருக்கிற தரையை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. தரை வேலையை அன்றாடம் செய்கிறவர்கள் என்ற முறையில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயர்ந்த டைலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஓரத்தில் பட்டித் தகட்டை நுழைத்து மெல்ல நெம்பி எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அதன் முதுகையும், அது படுத்திருந்த தரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பசை எந்தப் பக்கம் தங்கியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

முதுகு முழுக்கப் பசை அப்படியே இருந்து, அதன் மேல் சாம்பல் நிறத்தில் மாவு பூசியது போல சிமெண்ட் தூள் ஒட்டியிருந்தால் பசை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. தரையின் மேல்தோல்தான் உரிந்து வந்திருக்கிறது. பசை முழுவதும் தரையிலேயே தங்கி, டைலின் முதுகு கடையில் வாங்கியபோது இருந்தது போலச் சுத்தமாக இருந்தால், பசை ஆடை கட்டிய பிறகு ஒட்டியிருக்கிறார்கள், அல்லது ஒட்டிவிட்டு அழுத்தாமல் விட்டிருக்கிறார்கள். இரண்டில் எது என்பதையும் அங்கேயே கண்டுபிடிக்கலாம். பசையைப் பரப்பும், ஓரத்தில் பல் உள்ள பல்கரண்டி இழுத்த கோடுகள் சீப்பால் வாரிய தலைமுடி போல நசுங்காமல் நின்றால், ரோலர் அந்தப் பக்கமே வரவில்லை. இரண்டு பக்கமும் பசை இருந்து, அது கொழகொழவென்று, பால் போல வெளுத்து, தொட்டால் நூலாக இழுத்து, ஒரு புளித்த வாடையும் அடித்தால் அது ஈரத்தின் வேலை. இந்தக் கடைசி வகைக்கு எவ்வளவு விலை உயர்ந்த பசையை மாற்றி மாற்றிப் போட்டாலும் பலன் இருக்காது. அடுத்த மழைக்கு அதுவும் கொழகொழத்துப் போகும்.

எந்த இடத்தில் பெயர்ந்தது என்பதும் ஒரு சாட்சி. வெளிச்சுவர் ஓரமாக வரிசையாக எழும்பியிருந்தால் ஓதம், அதாவது மண்ணிலிருந்து ஏறும் ஈரம். குளியலறை வாசலில் மட்டும் என்றால் கசிவு. பால்கனிக் கதவுக்கு அருகே, வெயில் விழும் சதுரத்தில் மட்டும் இரண்டு டைல்கள் கூடாரம் போல முட்டிக்கொண்டு நின்றால் சூடு. அறை முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக எழும்பியிருந்தால் பசை போட்ட விதத்திலோ தரையைத் தயார் செய்த விதத்திலோ பிழை. பெயர்ந்த டைல்ஸை ஒரு காகிதத்தில் அறைப்படம் வரைந்து குறித்துப் பாருங்கள், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

ஈரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊரில் மற்ற எல்லாக் காரணங்களையும்விட இதுதான் பெரியது. சிமெண்ட் தரை பார்வைக்குக் கல் போல இருந்தாலும் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மண்ணில் இருக்கும் ஈரம் அந்தத் துளைகள் வழியே மேலே ஏறி, ஆவியாகி அறைக்குள் கலந்துபோய்க்கொண்டே இருக்கும். தரை எப்போதும் காய்ந்தது போலத் தெரிவதற்கு அதுதான் காரணம். அதன் மேல் வினைலை ஒட்டியதும் ஆவி போகிற வழி அடைபடுகிறது. ஈரம் டைலுக்கு அடியிலேயே தேங்குகிறது. தண்ணீர் மட்டும் தேங்கினால்கூடப் பரவாயில்லை. அது சிமெண்டில் இருக்கும் காரத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். அளவில் 12, 13 வரை இருக்கும். பெரும்பாலான வினைல் பசைகள் 9, 10 வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் பசை சோப்பு போலக் கரையத் தொடங்கும். அந்தக் கொழகொழப்பும் வாடையும் இப்படி வந்தவைதான். காரத்தைச் சோதிப்பதும் எளிது. பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு ஊற்றக் கிடைக்கும் காய்ச்சி வடித்த தண்ணீரை (ஆசிட் அல்ல) நான்கு சொட்டு தரையில் விட்டு, ஒரு நிமிடம் கழித்து பி.எச். தாளை அதில் வைத்தால் நிறம் சொல்லிவிடும்.

ஈரத்தைக் கண்டுபிடிக்க ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளும், நாலு பக்கமும் ஒட்டுவதற்கு டேப்பும் போதும். தரையைத் துடைத்து, தாளைப் பரப்பி, ஓரங்களைக் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டு விட்டுவிட வேண்டும். அமெரிக்கத் தரநிலை குறைந்தது 16 மணி நேரம் என்கிறது. நம் ஊர் மழைக்காலத்துக்கு இரண்டு முழு நாள் விடுவது நல்லது. அறைக்கு ஒரு இடம் போதாது. வெளிச்சுவரை ஒட்டி ஒன்று, குளியலறைப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று வையுங்கள். சமையலறை என்றால் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியிலும் ஒன்று. பிரிக்கும்போது அவசரப்படாமல், ஒரு மூலையைத் தூக்கி, தாளின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, தாள் மூடிய சதுரம் மட்டும் மற்ற தரையைவிடக் கறுத்துத் தெரிந்தாலோ அங்கே ஒட்டக் கூடாது. நீர் தாளின் மேற்பக்கத்தில் இருந்தால் அது அறைக்காற்றில் இருந்து வந்தது; தரைமீது பழி இல்லை, ஆனால் அந்தக் காற்றில் பசை சரியாகக் காயாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தாளில் நீர் கோத்திருந்தால் தரை ஈரம் என்பது உறுதி. நீர் கோக்கவில்லை என்பதால் மட்டும் தரை காய்ந்துவிட்டது என்று உறுதி சொல்ல முடியாது. கார்த்திகையில் சோதிப்பதும் பங்குனியில் சோதிப்பதும் ஒன்றல்ல. மருத்துவமனை, ஷோரூம், பள்ளி போன்ற பெரிய வேலைகளுக்குத் தரையின் ஈரப்பத அளவைக் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் நடைமுறையில் 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் இருந்தால் ஒட்டுவதில்லை. வீடுகளுக்கு, மழை ஓய்ந்த பிறகு இரண்டு முறை, ஒரு வார இடைவெளியில் தாள் சோதனை செய்வதே நியாயமான பாதுகாப்பு.

ஈரம் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்தபடியாக அது எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். நம் தெருக்களில் சாலையின் மேல் சாலை போட்டு, பழைய வீடுகள் தெருவைவிடத் தாழ்ந்து போயிருக்கின்றன. வாசல்படி மூன்று இருந்த இடத்தில் இன்று ஒன்றுதான் தெரிகிறது. வெளியே மண் மட்டம் உள்ளே தரை மட்டத்தைவிட உயர்ந்துவிட்டால், மழைத் தண்ணீர் சுவரோரம் தேங்கித் தரைக்கு அடியில்தான் இறங்கும். சுவரின் அடியில் ஒரு அடி உயரத்துக்குப் பெயிண்ட் பொரிந்து உப்பு பூத்திருந்தால் இதுதான் சங்கதி. மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் சுவரோரமே கொட்டுகிறதா, தண்ணீர்த் தொட்டி அறையை ஒட்டி இருக்கிறதா, குளியலறைத் தரையின் இணைப்புகளில் பூச்சு விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். மாடி அறைகளில் மண் ஈரம் வராது. ஆனால் மேல்தளக் கசிவும் குழாய்க் கசிவும் வரும்.

தரைத்தளத்தில் பிளாஸ்டிக் தடுப்பு போடாமல் கட்டிய பழைய வீடு, வருடம் முழுக்க ஓதம் ஏறும் வீடு என்றால் எங்கள் அபிப்பிராயம் ஒன்றுதான்: பசை போட்டு ஒட்டும் வினைலை அங்கே போடாதீர்கள். இரண்டு பொருளைக் கலந்து பூசும் எபாக்சி ஈரத்தடுப்பு இருக்கிறது. தரையை மெஷினால் அரைத்து, இரண்டு கோட் பூசி, அதன் மேல் தரையைச் சமமாக்கும் மட்டக்கலவை ஊற்றி, பிறகு ஒட்டலாம். வேலை நிற்கும், ஆனால் செலவு டைல்ஸ் விலையை நெருங்கும். அதைவிட, ஒன்றோடொன்று கொக்கி மாட்டிப் பூட்டுகிற, கல் தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த எஸ்.பி.சி. பலகையை, அடியில் 1000 கேஜ் பாலித்தீன் தாளை ஓரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி விரித்து, பசையே இல்லாமல் போடுவது மேல். சுவரோரம் சுற்றிலும் 5 முதல் 8 மி.மீ. இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மறைத்துவிடலாம். வெளித் தண்ணீரை நிறுத்தாமல் இதைச் செய்தால் தாளுக்கு அடியில் பூஞ்சை பிடித்து வாடை வரும். அதனால் எந்த வழியாக இருந்தாலும் முதலில் தண்ணீரை நிறுத்தியாக வேண்டும்.

புதிதாகப் போட்ட சிமெண்ட் தரைக்கு ஒரு கணக்கு உண்டு. நல்ல காற்றோட்டமும் வெயிலும் இருந்தால் மணல் சிமெண்ட் பூச்சு ஒரு நாளைக்கு 1 மி.மீ. கனம் காயும். 40 மி.மீ. கனத்துக்கு நாற்பது நாள். அதுவும் தண்ணீர் ஊற்றிப் பக்குவப்படுத்தும் நாட்கள் முடிந்த பிறகு தொடங்கும் கணக்கு. மழை நாட்களில் இரட்டிப்பாகும். கான்கிரீட் தளத்துக்கு இன்னும் அதிகம். பத்து நாளில் கிரகப்பிரவேசம், தரை ஒட்டிக் கொடுங்கள் என்று கேட்டால், செய்கிறவர் முடியாது என்று சொல்வதுதான் நேர்மை.

இனி பழைய தரைகள். நம் வீடுகளில் இவை வெறும் சிமெண்ட் தரைகள் அல்ல. சிவப்பு ஆக்சைடு தரையில் வருடக்கணக்காகத் தேங்காய் எண்ணெயும் மெழுகும் தேய்த்திருப்பார்கள். மொசைக்கில் ஆக்சாலிக் ஆசிட் போட்டுப் பாலிஷ் செய்து மெழுகு பூசியிருப்பார்கள். மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் துடைத்த தரைகள் உண்டு. தினமும் பினாயில் போட்ட தரைகள் எல்லா வீட்டிலும் உண்டு. இவை ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய படலத்தை விட்டுச் செல்லும். பசை அந்தப் படலத்தைப் பிடித்துக்கொள்ளுமே தவிரத் தரையைப் பிடிக்காது. கடப்பா கல் தரையில் கல் பரவாயில்லை, கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள இணைப்பில்தான் ஓதம் ஏறும். டைல்ஸும் அந்தக் கோடுகளிலேயே எழும்பும்.

தரை பசையை ஏற்குமா என்பதை இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒரு சொட்டுத் தண்ணீரை விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அது பரவி உறிஞ்சப்பட்டால் தரை துளையுள்ளது. தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றால் மேலே எண்ணெயோ மெழுகோ இருக்கிறது, இல்லையென்றால் அது மினுக்கிய டைல்ஸ் போல உறிஞ்சாத தரை. அடுத்து, அகலமான டேப் ஒரு சாண் நீளம் ஒட்டி, நன்றாகத் தேய்த்து, வெடுக்கென்று பிடுங்குங்கள். டேப்பில் தூள் அப்பியிருந்தால் மேல்தோல் வலுவில்லை. ஆணியால் குறுக்கும் நெடுக்கும் கீறிப் பார்ப்பதும் நல்லது. கோடு மட்டும் விழுந்தால் சரி, பொலபொலவென்று உதிர்ந்தால் அரைத்து எடுத்தாக வேண்டும். கொத்தனார் கடைசியில் தூவித் தேய்த்த சிமெண்ட் பால் பல வீடுகளில் இப்படித்தான் உதிரும்.

எண்ணெய்க்கும் மெழுகுக்கும் வெந்நீரும் டிடர்ஜென்ட் பொடியும் போட்டு நாரால் தேய்த்து, இரண்டு முறையாவது நல்ல தண்ணீரில் அலச வேண்டும். சோப்பு மிச்சம் இருந்தால் அதுவே ஒட்டவிடாது. அலசிய தண்ணீர் காய ஒரு வாரமாவது விட வேண்டும். படலம் தடிப்பாக இருந்தால் தேய்ப்பது போதாது, மொசைக் பாலிஷ் மெஷினிலேயே கரடுமுரடான கல் போட்டு மேல்தோலை எடுத்துவிட வேண்டும். ஆசிட் ஊற்றிக் கழுவுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். அது சிமெண்டை அரித்து உப்பை உள்ளே விட்டுப் போகும். அந்த உப்பு பிறகு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பழைய அலுவலகக் கட்டடங்களில் ஒன்பது அங்குலச் சதுரத்தில் கடினமான பழைய வினைல் டைல்ஸ் இருந்தால் அதில் கல்நார் கலந்திருக்கலாம். அதை அரைக்கவோ உடைக்கவோ கூடாது. கல்நார்த் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. அது உறுதியாக ஒட்டியிருந்தால் மூடிவிட்டு மேலே போடுவதே சரி.

பள்ளம் மேட்டை நிரப்ப எல்லோரும் சுவர்ப் பட்டியை எடுக்கிறார்கள். சுவர்ப் பட்டி நடமாட்டத்தைத் தாங்கச் செய்த பொருள் அல்ல. நாற்காலி இழுத்தால் அடியில் மாவாகிவிடும், டைல் அந்த மாவோடு கழன்று வரும். தரைக்கென்று விற்கும் மட்டக்கலவையைத்தான் வாங்க வேண்டும். பத்தடி நீள மட்டப்பலகை வைத்தால் அடியில் 5 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரியக் கூடாது. 3 மி.மீ. கனம் ஊற்ற, பத்துக்குப் பத்து அறைக்கு ஏறக்குறைய 47 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை இரண்டு பிடிக்கும். ஊற்றும் முன் பிரைமர் அடிக்க வேண்டும். பிரைமருக்குப் பதில் மர வேலைக்கான வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்து அடிக்கிற வழக்கம் இருக்கிறது. அது ஈரம் பட்டால் மறுபடி இளகும், வேண்டவே வேண்டாம். பழைய செராமிக் டைல்ஸ் மேல் ஒட்டுவதாக இருந்தால் பளபளப்பை அரைத்து எடுத்து, இணைப்புக் கோடுகளையும் நிரப்பிவிடுங்கள். நிரப்பாவிட்டால் ஆறு மாதத்தில் அந்தக் கோடுகள் வினைலின் மேல் கட்டம் கட்டமாகத் தெரியும்.

பசை என்று பார்த்தால் நம் கடைகளில் இரண்டு வகை புழங்குகிறது. தச்சர்கள் மைக்கா ஒட்டப் பயன்படுத்தும் ரப்பர் பசை ஒன்று; தண்ணீரில் கலந்த வெள்ளை அக்ரிலிக் பசை மற்றொன்று. ரப்பர் பசையை டைலின் முதுகிலும் தரையிலும் பூசி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு ஒரே வைப்பில் வைக்க வேண்டும். வைத்த பிறகு நகர்த்த முடியாது. காய்வதற்கு முன் வைத்தால் உள்ளே சிக்கிய கரைப்பான் ஆவி இரண்டு நாளில் நடுவில் கொப்புளமாக எழும்பும். மழை நாளில் இதற்கு இன்னொரு தொல்லை உண்டு. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும். ஈரக் காற்று அதன் மேல் பனி போலப் படியும். பசை மங்கலாக, வெளிறித் தெரிந்தால் அதுதான். அந்த நிலையில் வைத்தால் பிடிக்கவே பிடிக்காது. ஈரம் போகும்வரை காத்திருந்து, மேலே இன்னொரு மெல்லிய பூச்சுப் பூசி மறுபடி காயவிட வேண்டும்.

இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பக்கத்து அறைக்கும் போகும். அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது. பூஜை அறை விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்தி எல்லாவற்றையும் அணைத்து, ஜன்னல் கதவுகளைத் திறந்துவைத்த பிறகுதான் டின்னைத் திறக்க வேண்டும். வீட்டில் குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால் அன்று வேறு இடத்தில் இருக்கச் சொல்லுங்கள்.

வீடுகளுக்கு எங்கள் தேர்வு அக்ரிலிக் பசைதான். பத்துக்குப் பத்து அறைக்கு 2.5 முதல் 3 கிலோ போதும். 1.5 மி.மீ. பல் உள்ள பல்கரண்டியால் இழுத்தால் அந்த அளவு தானாக வந்துவிடும். சிமெண்டில் தேய்ந்து பல் மழுங்கிவிடும், ஆகவே அறைக்கு ஒரு முறை பல்லைப் பாருங்கள். மழுங்கிய கரண்டி பசையைப் பாதியாக்கிவிடும். துளையுள்ள தரையில் பசை இன்னும் ஈரமாக, விரலில் நூலாக ஒட்டும்போதே வைக்கலாம். உறிஞ்சாத தரையில், வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போலத் தெளிந்து, தொட்டால் பிசுக்கென்று இருந்து விரலில் வராத நிலையில்தான் வைக்க வேண்டும். பங்குனியில் அரை மணி நேரத்தில் தெளிகிற பசை மார்கழியில் இரண்டு மணி நேரம்கூட எடுக்கும். கடிகாரத்தை நம்பக் கூடாது, விரலைத்தான் நம்ப வேண்டும். பத்து டைலுக்கு ஒன்றை வைத்த உடனே தூக்கி முதுகைப் பாருங்கள். பசை முழுக்கப் படிந்திருக்க வேண்டும்.

வைத்த பிறகு 45 கிலோ ரோலரைக் குறுக்கிலும் நெடுக்கிலும் உருட்டி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி உருட்ட வேண்டும். நம்மிடம் இந்த ரோலர் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. காலால் மிதித்து விடுகிறார்கள். வாடகைக்குக் கிடைக்காத ஊரில், இரண்டு அங்குலக் கைரோலரை முழு எடையும் கொடுத்து, ஓரங்களில் இரண்டு மடங்கு அழுத்திச் செய்யலாம். நேரம் பிடிக்கும், அந்த நேரத்துக்கு வீட்டுக்காரர் கூலி கொடுக்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்கும், தாளை உரித்து ஒட்டும் டைல்ஸுக்கு வேறு பசை வேண்டாம். ஆனால் தரைக்குப் பிரைமர் கட்டாயம் வேண்டும். சிமெண்டில் நேரடியாக ஒட்டினால் அது தூசியில்தான் ஒட்டும். தாளை ஒவ்வொன்றாக, வைக்கும் முன்தான் உரிக்க வேண்டும். முதுகில் அச்சிட்ட அம்புக்குறியைப் பார்த்து, உற்பத்தியாளர் சொன்ன திசையில் வையுங்கள். ஒரு முறை தூக்கி, தூசி பட்டுவிட்டால் அந்த டைலை மறந்துவிடலாம்.

சூட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். வினைல் பத்தடி நீளத்துக்கு, 10 டிகிரி சூடு ஏறினால் 2 முதல் 3 மி.மீ. வரை நீளும். வெயிலில் நின்ற வண்டியில் இருந்து இறக்கிய உடனே ஒட்டினால், இரவில் சுருங்கி இடைவெளி விடும். ஏ.சி. அறையில் ஏ.சி. போடாமல் ஒட்டிவிட்டுப் பிறகு போட்டாலும் அதேதான். பெட்டிகளைப் படுக்கவைத்து அந்த அறையிலேயே 48 மணி நேரம் வையுங்கள். ஏ.சி. உள்ள அறை என்றால் வழக்கமாகப் பயன்படுத்தும் குளிரிலேயே, ஒட்டுவதற்கு இரண்டு நாள் முன்பும் பின்பும் ஓடட்டும். வெயில் விழும் ஜன்னலுக்கு முதல் மூன்று நாள் திரை கட்டாயம்.

ஏற்கெனவே பெயர்ந்ததற்கு வழி உண்டா? ஈரம் காரணமில்லை என்றால் உண்டு. ஓரம் மட்டும் எழும்பி, பசை சுத்தமாக இருந்தால், தலைமுடி உலர்த்தும் டிரையரால் டைல் இளகும்வரை சூடுகாட்டி, அழுத்தி, மேலே ஒரு பலகை வைத்து, இருபது லிட்டர் தண்ணீர் கேன் மூன்றை ஒரு நாள் முழுக்க ஏற்றிவையுங்கள். டைலுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் போடுங்கள். தூசி படிந்திருந்தால் டைலை எடுத்து, இரண்டு பக்கமும் பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை போடுவதுதான் வழி. நடுவில் கொப்புளம் என்றால், டைலில் அச்சிட்ட வடிவத்தின் கோட்டோடு ஒட்டி மெல்லிய கீறல் போட்டு, தடித்த ஊசி சிரிஞ்சில் அக்ரிலிக் பசையை ஏற்றி, தடவி அழுத்திவிடலாம். உடனடியாக ஒட்டும் பசையை ஓரத்தில் விடாதீர்கள். அது கண்ணாடி போல இறுகி, வினைல் அசையும்போது முறிந்துவிடும். அந்த டைலை மறுபடி எடுக்கவும் முடியாது. பிதுங்கிய பசையைத் தின்னர் கொண்டு துடைப்பதும் வேண்டாம், வினைலின் மேற்பரப்பு இளகிக் கறைபடும். அக்ரிலிக் பசை ஈரமாக இருக்கும்போதே நனைந்த துணிக்கு வந்துவிடும்.

இன்னொன்றை வீட்டுப் பெண்மணிகளுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் தனியாகச் சொல்ல விரும்புகிறோம். நல்ல நாள் பெரிய நாளுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவிவிடுவது நம் பழக்கம். வினைல் டைல்ஸின் மேற்பரப்பு தண்ணீரைத் தாங்கும், இணைப்புகள் தாங்காது. தேங்கிய தண்ணீர் இணைப்பு வழியே இறங்கிப் பசையை இளக்கிவிடும். பிழிந்த துணியால் துடைப்பது போதும். ஒட்டிய முதல் ஐந்து நாள் அதுவும் வேண்டாம்.

கடைசியாக, தங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை. வினைல் தரை ஒட்டும் முறைக்கு ஐ.எஸ். 5318 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. பசை டின்னிலும் டைல்ஸ் பெட்டியிலும் குறிப்புகளும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும், எறும்பு எழுத்தில். ஒட்டுகிற தொழிலாளியின் கையில்தான் அந்தப் பெட்டி பிரிகிறது. எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம், எந்தப் பல்கரண்டி, எவ்வளவு ஈரம் வரை என்ற நான்கு தகவலையாவது தமிழில் அச்சிட உற்பத்தியாளர்களும் விற்பனையாளர்களும் முன்வர வேண்டும். வேலை பிடிப்பவர்களும், சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் எழுதித் தராமல், தாள் சோதனை, தரையை அரைப்பது, பிரைமர், மட்டக்கலவை, ரோலர் என்று தனித்தனியாக விலை எழுதித் தர வேண்டும். ஒற்றை வரி விலையில் முதலில் காணாமல் போவது இந்த ஐந்தும்தான். இந்தப் பொங்கலுக்கு முன் தரையை மாற்ற நினைக்கிறவர்கள், டைல்ஸின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் அன்றே பிளாஸ்டிக் தாளையும் தரையில் ஒட்டிவிடுங்கள். தாளில் நீர் கோத்தால், வேலையைப் பங்குனிக்குத் தள்ளிவையுங்கள்.

இப்படிக்கு,
தரை வேலை செய்வோர் சிலர்,
சென்னை